வெள்ளை நார்

மூன்றாம் முறையும் நார் வலுக் குறைந்துதான் வந்தது. முதல் முறை குறைந்தபோது கரைசலைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் முறை மிஷினைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் முறை சந்தேகப்படுவதற்கு என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. நாகர்கோவிலில் அந்தச் சோதனைக்கூடத்தின் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, வாழை என்று ஒன்று உலகத்தில் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு வாழையை வெறுப்பது சுலபமல்ல. பஸ்ஸில் வீடு திரும்பும் வழி முழுக்க இரண்டு பக்கமும் அதுதான்.

கருங்கல் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் நடத்துகிறேன். பதினொரு வருடமாக விசை, இழுவை, முறிவு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளை ஒரு நாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பிஎச்.டி. இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்வது சிரமம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு அப்போது நாற்பது நெருங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் பகுதி நேரமாகப் பதிவு செய்தேன். என்ன தலைப்பு எடுக்கலாம் என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "இயற்கை நார் எடுங்க. ஈஸி."

"ஈஸி" என்று சொன்ன ஒவ்வொருவரும் எனக்குத் தனித்தனியாக நினைவில் இருக்கிறார்கள்.

விஷயம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. குலை வெட்டிய பிறகு வாழையின் அடிமரத்தைத் தோட்டத்திலேயே சாய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது அழுகுகிறது. அதிலிருந்து நாரை உரித்தெடுத்துப் பிசினோடு சேர்த்து அழுத்தினால் பலகை செய்யலாம், கார்களின் உள்பக்கத் தகடு செய்யலாம், பிளாஸ்டிக்கும் கண்ணாடி நாரும் போகிற இடத்தில் இதைப் போடலாம். ஆனால் நாரை அப்படியே பிசினில் வைத்தால் சரியாக ஒட்டாது. அதற்கு முன்னால் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அப்படி ஊறவைப்பதால் நாரின் வலு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

என் மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். வாழைநார் பார்வைக்கு ஒற்றை இழை. உள்ளே அது பல நுண்ணிய இழைகளின் கட்டு. அந்தக் கட்டைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு விதப் பசை. மேலே மெழுகும் அழுக்கும் படிந்திருக்கும். சோடாத் தண்ணீரில் அளவாக ஊறினால் மெழுகு போகும், பசையில் ஒரு பகுதி கரையும், நார் ஒல்லியாகி இறுகும், மேல்புறம் சொரசொரப்பாகிப் பிசினைக் கவ்விக்கொள்ளும். வலுவும் கூடும். அளவு மீறினால் பசை அத்தனையும் போய்விடும். அப்புறம் அது கட்டு அல்ல, அவிழ்ந்த சுருள். லேசாக இழுத்தாலே வந்துவிடும். சொல்லும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதை நார் எனக்கு நிரூபித்துக் காட்டுவதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது.

நார் எனக்குக் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு பெண், கூட நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஷெட்டில் நார் உரிக்கும் மிஷின் வைத்திருந்தார். உரித்த நாரில் கைப்பையும் விரிப்பும் முடைந்து கன்னியாகுமரியில் சுற்றுலாக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். அவருடைய எண் ஒரு சக ஆசிரியை மூலம் கிடைத்தது. போனில் சொல்வேன், அவர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார், கருங்கல் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு தடவைகூட நேரில் போனதில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தபோது இந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கல்லூரியின் வேதியியல் கூடத்தை முதலாண்டு மாணவர்கள் எப்போதும் பிடித்து வைத்திருப்பார்கள். அதனால் ஊறவைப்பது, அலசுவது, உலர்த்துவது எல்லாம் என் வீட்டில்தான். சமையல்கட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் ஐந்து பிளாஸ்டிக் வாளி. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எவ்வளவு சோடா, எத்தனை மணி நேரம். என் கணவருக்குக் கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை. மத்தியானம் சாப்பிட வருகிறவர் கை கழுவப் பின்பக்கம் போவார்.

"ஏட்டி, இந்தச் சட்டியில என்னது?"

"தொடாதீங்க. சோடா. கை வெந்துபோகும்."

"நான் மீன் அலசுற சட்டியாக்குமே அது."

"புதுச் சட்டி கடையில இருந்து கொண்டு வாங்க. நேத்தே சொன்னேன்."

"முந்தா நாளும் ஒரு சட்டி கொண்டு வந்தேன். அது எங்க?"

அது என் ஐந்தாவது வாளியாகிவிட்டிருந்தது. கொடியில் துணி காயப் போட இடமில்லை, நார் தொங்கியது. மழைக்காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே கட்டினேன். எங்கள் சபையிலிருந்து வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கடியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். முடிந்ததும் ஒரு அம்மா, "என்ன மக்கா, வீட்டுல பூ கட்டுத சோலி தொடங்கியாச்சா?" என்று கேட்டார். வாழைநாரைப் பார்த்தால் பூ கட்டுவதைத் தவிர வேறெதுவும் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சி என்று சொன்னால் மேலும் பத்து நிமிடம் விளக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பாடு அட்டை. ஒற்றை நாரைச் சோதனைக்கூடத்து இழுவை மிஷினின் தாடையில் அப்படியே கடிக்கக் கொடுத்தால் கடித்த இடத்திலேயே நசுங்கி அறும். அதனால் தடித்த அட்டையில் ஜன்னல் மாதிரி ஓட்டை வெட்டி, அதன் குறுக்கே நாரை நேராக வைத்து இரண்டு முனையையும் பசையால் ஒட்ட வேண்டும். அட்டையோடு மிஷினில் மாட்டிய பிறகு ஜன்னலின் இரண்டு ஓரத்தையும் கத்தரியால் வெட்டிவிட்டால், நார் மட்டும் நடுவில் நிற்கும். வெட்டும்போது கத்தரி நாரில் லேசாகப் பட்டாலும் அது வீண். ஒவ்வொரு வாளிக்கும் முப்பது நார். ஒவ்வொன்றுக்கும் முதலில் மைக்ராஸ்கோப்பில் தடிமன் பார்க்க வேண்டும். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகளைவிடப் பொருத்தமானது எதுவும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்களிடமெல்லாம் கேட்டு வாங்கினேன். சோதனைக்கூடத்து மிஷினை இயக்குகிறவர் ஒவ்வொன்றையும் மாட்டும்போது மாப்பிள்ளையின் படிப்பையும் வேலையையும் சத்தமாக வாசிப்பார்.

அவர் கோட்டாற்றுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த மிஷின் அவர் சொன்னால்தான் கேட்கும். முதல் தடவை என் நாரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், உங்க நாரு நல்ல வெள்ளையா இருக்கே. மத்த பிள்ளைய கொண்டு வாறது மஞ்சளா, அங்கங்க கறையாட்டு இருக்கும்."

"நான் நல்ல இடத்துல வாங்குதேன் அண்ணே," என்றேன்.

பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பதில் அன்றைக்கே என் கையில் இருந்தது. அவர் தூக்கியே காட்டினார்.

சோதனையில், ஊறவைக்காத நார் எவ்வளவு இழுவையில் அறுந்ததோ, ஊறவைத்தது அதைவிடக் குறைந்த இழுவையில் அறுந்தது. கொஞ்ச நேரம் ஊறியது கொஞ்சம் குறைந்தது. அதிக நேரம் ஊறியது அதிகம் குறைந்தது. எங்கேயும் கூடவில்லை. இதை எடுத்துக்கொண்டு என் வழிகாட்டியிடம் போனேன். அவர் நாகர்கோவிலில் வேறொரு கல்லூரியில் பேராசிரியர். நல்ல மனிதர்தான். ஆனால் எப்போது போனாலும் ஒரு காதில் போன் இருக்கும்.

"மேடம், கூடணுமே," என்றார்.

"கூடல சார்."

"கூடணும். எல்லாக் கட்டுரையிலயும் கூடித்தானே இருக்கு?"

"எனக்குக் குறையுது சார்."

"ஏன் குறையுது?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் இரண்டு பஸ் மாறி அவரிடம் போயிருந்தேன்.

கரைசல் கடுமையாக இருக்கலாம் என்றார். பாதியாக்கினேன். ஊறும் நேரம் அதிகம் என்றார். குறைத்தேன். சரியாக அலசாமல் சோடா உள்ளேயே தங்கியிருக்கும் என்றார். லிட்மஸ் காகிதம் நிறம் மாறாமல் நிற்கும் வரைக்கும் அலசி அலசி, வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டே கரண்ட் பில் ஏறிற்று. வெயிலில் காயப்போட்டது தப்பு என்றார். கல்லூரி ஓவனில் உலர்த்தினேன். அந்த ஓவன் நடுவில் கரண்ட் போனால் தானாகத் திரும்ப ஓடாது. யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும். நின்றேன். இதையெல்லாம் இரண்டு சுற்றாகச் செய்து, முப்பது முப்பதாகக் கல்யாணங்களை வெட்டினேன். இரண்டு முறையும் குறைந்தது.

மூன்றாம் முறையின் முடிவைக் காட்டியபோது அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, தாள்களை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"முப்பதுல ஒரு பத்து, பன்னெண்டு நார் நல்லா வந்திருக்குல்ல மேடம்? மத்ததைக் கோளாறுன்னு ஒதுக்கிப் பாருங்களேன். கிராஃப் ஏறிடும்."

"என்ன கோளாறு சார்? தாடையில வழுக்கல. அட்டை கிழியல. கத்தரி படல. ஒவ்வொண்ணும் நான் கண்ணால பாத்தது."

"ஒரு யோசனைதான் சொன்னேன்," என்று போனை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் தக்கலை வரும் வரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து, அவர் சொன்ன மாதிரியே செய்து பார்த்தேன். பதினெட்டு நாரை நீக்கினேன். கோடு அழகாக மேலேறியது. கட்டுரைகளில் இருப்பதைப் போலவே இருந்தது. டீ ஆறும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பின்னால் வந்து நின்று, "கொள்ளாமே, நல்லா வந்திருக்கே, கூடியாச்சா?" என்றார். "இல்ல," என்று அதை அழித்துவிட்டேன். கோபத்தில் அழித்தேனா, பயத்தில் அழித்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"வெப்ராளப்பட்டு மனசைக் கெடுக்காத. நாருலயே ஏதாவது கொளப்பம் இருக்கும். அங்க போய்த்தான் ஒண்ணு பாத்துட்டு வாயேன்," என்றார் அவர்.

ஹார்டுவேர் கடைக்காரர். யாராவது ஆணி வளைகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தால், சுத்தியலைக் கேட்காமல் முதலில் ஆணியை வாங்கிப் பார்க்கிறவர். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதில் இன்னும் எரிச்சல் வந்தது. அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குலசேகரம் போனேன்.

ஷெட்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. போனில் "ரப்பர் தோட்டத்துக்குப் பக்கம்" என்று அடையாளம் சொன்னார். அங்கே ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இல்லாதது எது? கடைசியில் மிஷின் சத்தம்தான் வழிகாட்டியது. ஒரு பெண் வாழைப்பட்டையை மிஷினின் வாய்க்குள் பாதி வரை விட்டு, விசையோடு திரும்ப இழுத்தார். சாறு தெறித்தது. கையில் நார் மிஞ்சியது. மஞ்சள் நிறம், அங்கங்கே பழுப்புக் கறை, பச்சைச் சாற்றின் வாடை.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை நாளும் போனில் மட்டுமே பேசியிருந்த அந்தப் பெண் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "டீச்சரா? வாங்க வாங்க. வழி தெரிஞ்சு வந்தியளா?" என்றார்.

"இது எந்த வாழை?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏத்தன் வாழை, நேந்திரம்னு சொல்லுவாவல்லா, அது. உங்களுக்கு எப்பளும் தாறது இதுதான்."

"எனக்குத் தாறது இப்படி இருக்காதே. அது வெள்ளையா இருக்கும்."

"வெளுத்த பொறவுதானே டீச்சர் வெள்ளையாவும்."

"வெளுத்த பொறவா?"

ஷெட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மூன்று நீல நிற டிரம். முதலாவதில் நார் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பால் விடாத கட்டன் சாயா மாதிரி பழுப்பாக இருந்தது. அந்த நிறம் கட்டுரைகளில் படித்து எனக்கு நன்றாகத் தெரியும். என் ஐந்து வாளியிலும் அதே நிறத்தைத்தான் நான் எதிர்பார்த்தேன், அது எப்போதும் வெளிறித்தான் வந்தது.

"இதுல என்ன போடுவிய?"

"காஸ்டிக் சோடா. ஒரு ராத்திரி ஊறும். பொறவு அந்த டிரம்முல பிளீச்சிங் பவுடர், அரை நாளு. மூணாவது அலசுறதுக்கு."

"சோடா எவ்வளவு?"

ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக் காட்டினார். "இதுக்கு ரெண்டு. கறை கூடுதலா இருந்தா மூணு."

நான் கிராம் கிராமாக நிறுத்து, மணி பார்த்து, காகிதத்தில் நிறம் பார்த்து ஊறவைத்த நார், என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சிரட்டைக் கணக்கில் ஊறி வெந்து வந்திருந்தது. நான் "ஊறவைக்காதது" என்று சீட்டு ஒட்டியதெல்லாம் ஊறவைத்தது. நான் "ஊறவைத்தது" என்று எழுதியதெல்லாம் இரண்டாம் தடவை ஊறியது. பசையெல்லாம் ஏற்கனவே போன கட்டை மறுபடியும் அவிழ்த்தால் அது எப்படி வலுவாகும்? நார் மூன்று தடவையும் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. கேள்விதான் தப்பு.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லலாம்லா? ஒன்றரை வருஷம்! இதை வச்சு நான் என்னெல்லாம் செய்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் சத்தம் போடவில்லை. "முதல் தடவ நான் வெளுக்காமத்தான் தந்தேன் டீச்சர். நீங்கதானே வேண்டாம்னு சொன்னிய."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

அவர் போனை எடுத்தார். ரொம்ப நேரம் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு ஒரு குரல் பதிவை அழுத்தி, எனக்குக் கேட்கும்படி நீட்டினார். மிஷின் சத்தத்தையும் மீறி என் குரல் வந்தது.

"நீங்க அனுப்புன நாரு ரொம்ப மஞ்சளா, கறையா இருக்கு கேட்டியளா. அடுத்த தடவ நல்ல வெள்ளையா, சுத்தமா அனுப்புங்க. இது ஆராய்ச்சிக்கு உள்ளதாக்கும்."

அதற்குக் கீழே அவருடைய பதில்: "செரி டீச்சர், வெளுத்துத் தாறேன்." அதற்குக் கீழே நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தேன்.

பட்டை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்கள்; உட்கார்ந்தேன். அந்தக் குரலில் இருந்த அதிகாரம்தான் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது. ஆராய்ச்சிக்கு உள்ளதாக்கும்! அழுக்கு என்று நினைத்து நான் கழுவச் சொன்னது எதை என்று எனக்கே தெரியாமல் ஒரு பேச்சு.

அந்தப் பெண் கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிடும்போது, "வலுக் குறையும்னா சொல்லுதிய?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்துபோய் ஷெட்டின் மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தார். கைப்பைகள். பால் மாதிரி வெள்ளை. எல்லாவற்றிலும் பிடி அறுந்திருந்தது.

"கன்னியாரில கடைக்காரங்க திருப்பித் தந்தது. தண்ணி குப்பி ரெண்டு போட்டாலே பிடி விட்டுப் போவுதுன்னு. எங்க முடைச்சலு செரியில்லன்னு இவளுககூட நான் பிடிக்காத சண்டை இல்ல."

ஒரு அறுந்த பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முடைச்சலில் குற்றமே இல்லை. இறுக்கமாக, நேராக இருந்தது. நாரின் முனைகள் பஞ்சு மாதிரி பிரிந்திருந்தன. மிஷினில் நான் நூற்றுக்கணக்கில் பார்த்த அதே முனை. அவருக்கும் எனக்கும் ஒரே காரியத்துக்காக ஒன்றரை வருடமாக ஆளுக்கொரு பக்கம் மண்டை காய்ந்திருக்கிறது.

அன்றைக்கு மூன்று கட்டு வாங்கி வந்தேன்: மிஷினிலிருந்து வந்த படியே ஒன்று, சோடாவில் மட்டும் ஊறியது ஒன்று, முழுக்க வெளுத்தது ஒன்று. ஒவ்வொன்றிலும் அவர் கையாலேயே எழுதிக் கட்டச் சொன்னேன்.

வழிகாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஊறவைக்காததுன்னு யூனிவர்சிட்டிக்கு ஏற்கனவே ரெண்டு அறிக்கை கொடுத்தாச்சே மேடம். இப்ப போய் அது ஊறினதுதான்னு எப்படிச் சொல்றது?"

"ஊறினதுதான்னு சொல்லித்தான் சார்."

அப்படிச் சொல்வதற்கு ஒரு விண்ணப்பம் இருந்தது. அதற்குத் துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, காரணம் எழுத இரண்டே வரி இடம். அந்த இரண்டு வரியில் நடந்ததை எழுத முயன்று நான்கு தாளைக் கிழித்தேன். திருத்தம் ஏற்கப்பட்டு வர ஒரு செமஸ்டர் முழுக்க ஆயிற்று. அதற்குள் நான் வாளிகளைக் கழுவி மறுபடியும் தொடங்கிவிட்டேன். மறுபடியும் முப்பது முப்பதாகக் கல்யாணங்கள்.

இந்த முறை, வெளுக்காத பச்சை நார் சோடாவில் கொஞ்ச நேரம் ஊறியதும் வலுக் கூடியது. மேலும் ஊற ஊற ஏற்றம் நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. வெளுத்த நார் எந்த வாளியில் போட்டாலும் இறங்கியது. கோட்டாற்று அண்ணன் முதல் பத்து நாரை இழுத்ததும், "இந்தப் பெண்ணுக்கு யோகம் இருக்கு மேடம்," என்று ஒரு பத்திரிகையைக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இதற்காகத்தானா இவ்வளவும் என்றுதான் இருந்தது. முடிவின் வரைபடத்தை வழிகாட்டிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "பாத்தீங்களா, கூடும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல."

போனைக் கணவரிடம் கொடுத்து, எங்கேயாவது தூரத்தில் வைக்கச் சொன்னேன்.

குலசேகரத்துக்கு மறுபடியும் போனேன். வெளுக்காதீர்கள், அப்படியே முடையுங்கள், பிடி அறாது என்று வரைபடங்களையெல்லாம் விரித்துக் காட்டிச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"செரிதான் டீச்சர். ஆனா வெள்ளை இல்லேன்னா கடைக்காரன் கையாலயும் தொட மாட்டான். நீங்களே தொடலயே."

பை வெள்ளையாகவும் பிடி மட்டும் வெளுக்காததாகவும் இருக்கட்டும் என்றேன். செய்து அனுப்பினார்கள். பிடி மட்டும் ஏன் அழுக்காக இருக்கிறது என்று கேட்டு அதுவும் திரும்பி வந்தது. எனக்கு அந்தக் கடைக்காரரைப் போய் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. பூமியைக் காப்பாற்றும் பை வேண்டும், ஆனால் அது பூமியில் விளைந்த மாதிரி தெரியக் கூடாது!

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். வெளுக்காத நாரையே காப்பிக்கொட்டை நிறத்துக்குச் சாயம் ஏற்றிப் பிடி முடைந்திருந்தார். பையின் விளிம்பிலும் அதே நிறத்தில் ஒரு கோடு. "டிசைன்னு சொல்லிக் குடுத்தேன். எடுத்துட்டாவ," என்று எழுதியிருந்தார். பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டியவள், கொஞ்ச நேரம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு தாள் முடிவறிக்கையில் நான் எழுதியதை அவர் ஒரு சாயச்சட்டியில் முடித்துவிட்டார். பிறகு போன் செய்து நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பிடி தாங்குகிறதா என்று கேட்டேன். தாங்குகிறது என்றார். எனக்கு ஒரு பை வேண்டும் என்றேன். எந்த நிறம் என்று கேட்டார். வெளுக்காதது என்று அழுத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் நான்கு பேரும் சிரிப்பது கேட்டது.

ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தபோது, நார் எங்கிருந்து எப்படி வந்தது என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். டிரம், சிரட்டை, பிளீச்சிங் பவுடர், நான் வெள்ளை கேட்டது எல்லாவற்றையும் எழுதினேன். வழிகாட்டி அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு, "நார் உள்ளூரில் பெறப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். நான் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தேன். அவர் மறுபடியும் அடித்தார். நான் மறுபடியும் சேர்த்தேன்.

மூன்றாம் முறை அவரே போன் செய்தார்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? படிக்கிறவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"வேற யாராவது இதே மாதிரி நாரை வாங்கிட்டு, ஏன் குறையுதுன்னு மண்டையை உடைச்சிக்கிட்டு இருப்பாங்கல்ல சார். அவங்க நம்மளைப் பத்தி நல்லதா நினைச்சா போதும்."

வேறு யாரோ கூப்பிடும் சத்தம் அவருடைய போனில் கேட்டது. "சரி, அரைப் பக்கமா சுருக்குங்க," என்றார்.

சுருக்கவில்லை. எழுத்தின் அளவை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கினேன். அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.